நூற்றுப்பத்து மில்லிமீட்டர்

சனிக்கிழமை மாலை நாலரை மணிக்குக் கண்ணாடிக்காரர் தன் கடையில் கவுண்டரில் நிற்கும் அம்மாளைக் கடிந்துகொண்டிருந்தார். அவருக்குக் கத்த வராது. குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்து, கேட்பவர் 'இதற்கு நாலு சத்தம் போட்டிருந்தாலே தேவலை' என்று நொந்துகொள்ளும்படி பேசுவார். விஷயம் சின்னதுதான். போன வாரம் மூக்குக்கண்ணாடி வாங்கிப்போன ஒருவர் திரும்பி வந்து, படிக்கிற பகுதி மேலே ஏறி நிற்கிறது, மாடிப்படி இறங்கினால் தரை ஆடுகிறது என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். பார்த்தால், அந்த அம்மாள் அவருடைய பழைய அட்டையில் இருந்த உயரத்தை அப்படியே புதுக் கண்ணாடிக்கும் எழுதி அனுப்பியிருந்தாள். பழைய பிரேம் பெரியது, புதியது சின்னது.

"பிரேம் சுருங்கியிருக்கு. அப்போ அளவும் சுருங்கணுமா, வேண்டாமா? அட்டையில எழுதின நம்பர் தானாவா சுருங்கும்?"

"சுருங்காதுங்க."

"எழுதின நம்பர் எழுதினபடியேதான் கிடக்கும். நாமதான்..."

அங்கேயே நின்றுவிட்டார். அந்த அம்மாள் அடுத்த குத்தல் வரும் என்று காத்திருந்து, வராமல் போனதில் இன்னும் பயந்துபோனாள்.

"சார், தண்ணி கொண்டு வரவா?"

"நூத்திப்பத்து" என்றார் அவர்.

"என்னதுங்க?"

"ஒண்ணுமில்லம்மா. நீங்க போங்க. தப்பு எல்லாருக்கும் வர்றதுதான்."

பன்னிரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அவள் கேட்டதில்லை. மனுஷனுக்கு நெஞ்சுவலியோ என்னவோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கவுண்டருக்குப் போனாள்.

கடை அவருக்கு வயிற்றுப்பாட்டுக்கு. உயிர் இருந்தது விமானச் சங்கத்தில். லேசான மரச் சட்டங்களை ஒட்டி, மேலே தாளை இழுத்துப் போர்த்தி, விமானம் செய்து ரிமோட்டில் பறக்கவிடுகிற நாற்பத்துமூன்று பேரின் சங்கம் அது. பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். வீட்டில் யாராவது 'பொம்மை' என்று சொல்லிவிட்டால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாதவர்கள். அந்தச் சங்கத்துக்கு 'காற்றுப்பை' என்று ஒரு மாதச் செய்திமடல் உண்டு. யார் விமானம் புதிதாகப் பறந்தது, யாருடையது மரத்தில் மாட்டியது, மைதானத்தில் புல் என்றைக்கு வெட்டுவார்கள், எந்த பேட்டரியை வீட்டுக்குள் சார்ஜ் போடக் கூடாது என்று எட்டுப் பக்கம். ஒன்பது வருடமாக அதை எழுதுவது, அடுக்குவது, திருத்துவது எல்லாம் கண்ணாடிக்காரர் ஒருவர்தான். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அவருக்குச் சோறு இறங்காது.

இந்த முறை சங்கத்தில் பதினொரு பேர் ஒரே படத்தை வைத்து ஒரே விமானத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பதினொன்றும் ஒன்றாக எழும்ப வேண்டும். அசல் படத்தில் இறக்கை ஏழடி. யாருடைய காரிலும் அது ஏறாது என்பதால் படத்தை முக்கால் அளவுக்குக் குறைத்து அச்செடுத்துக் கொடுத்தார்கள். இயந்திரம் கோடுகளையெல்லாம் ஒழுங்காகக் குறைத்தது. ஆனால் மூலையில் 'சி.ஜி. முன் விளிம்பிலிருந்து 110 மி.மீ.' என்று எழுதியிருந்ததை அது எப்படிக் குறைக்கும்? எழுத்து கொஞ்சம் பொடிசாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அந்த நூற்றுப்பத்தைக் கண்ணாடிக்காரர் எடுத்து, மூன்றாம் பக்கத்தில், தடித்த எழுத்தில், சுற்றிலும் கட்டம் போட்டு அச்சிட்டிருந்தார். எண்பத்திரண்டு என்று இருந்திருக்க வேண்டும்.

சி.ஜி. என்பது பெரிய மந்திரம் இல்லை. விமானத்தை இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் நுனியில் ஏந்தினால் எந்த இடத்தில் ஆடாமல் நிற்கிறதோ, அந்த இடம். அது கொஞ்சம் முன்னால் போனால் விமானம் சோம்பேறியாகப் பறக்கும், பாதகமில்லை. பின்னால் போனால் ஆபத்து. தரையை விட்டதும் மூக்கைத் தூக்கும், அடக்கினால் குப்புறப் பாயும், கடைசியில் விழுந்து நொறுங்கும். இருபத்தெட்டு மில்லிமீட்டர் பின்னால் என்றால் நேர்ந்துவிட்ட ஆடு மாதிரிதான்.

அவர் கடையின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவராக ஃபோனில் பிடித்தார். முதலில் சங்கத் தலைவரான பல் டாக்டர்.

"காற்றுப்பை பார்த்தீங்களா டாக்டர்?"

"பார்க்காம? பிரமாதம். வழக்கம்போல."

"மூணாம் பக்கத்துல சி.ஜி. நம்பர்..."

"மூணாம் பக்கமா? ஓ, அது பக்கம் பக்கமா வருதா?"

கண்ணாடிக்காரர் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை முறைத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்னார். டாக்டர், தன் விமானத்தைப் படத்தின் மேலேயே வைத்து, படத்தில் இருந்த புள்ளிக்கு நேராகக் கோடு போட்டதாகச் சொன்னார். படத்தில் புள்ளி சரியான இடத்தில்தான் இருந்தது, எழுத்துதான் பொய்.

அடுத்தவர் பேக்கரி வைத்திருப்பவர். "நம்பரெல்லாம் யாருங்க பார்க்கிறா? கையில தூக்கினாலே தெரிஞ்சிடும்" என்றார். அதற்கடுத்தவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். "உங்க மடல் வந்ததும் அழிச்சிடுவேங்க. ஃபோன்ல இடத்தை அடைக்குது. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். இன்னொருவர், காற்றுப்பை இன்னமும் வருகிறதா, அது நின்று இரண்டு வருடம் ஆகிவிட்டதாக அல்லவா நினைத்தேன் என்றார்.

ஒன்பது பேர். ஒன்பது பேரும் படிக்கவில்லை. ஒன்பது விமானங்களும் தப்பித்தன. ஒவ்வொரு முறை ஃபோனை வைக்கும்போதும் கண்ணாடிக்காரருக்கு நெஞ்சில் பாரம் இறங்கியது. கூடவே வயிறும் எரிந்தது. ஒன்பது வருடம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தைத் தியாகம் பண்ணி எழுதியதெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்தானா? நன்றாக வாழுங்கள் என்று மனசுக்குள் திட்டினார். அவருடைய சொந்த விமானம் இன்னும் முடியவில்லை, அது கணக்கில் இல்லை. ஆக, மீதி ஒருவர்.

அந்த ஒருவர் சம்பந்தி.

லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் மேற்பார்வையாளர். சங்கத்தில்தான் இருவருக்கும் பழக்கம். பழக்கம் முற்றி, இவருடைய பெண்ணை அவருடைய பையனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மூன்றே வருடத்தில் அந்தக் கல்யாணம் முறிந்தது. முறிந்த பிறகு சம்பந்தியை என்னவென்று அழைப்பது என்பதற்கு யாரும் ஒரு சொல்லைச் செய்து வைக்கவில்லை. அதனால் கண்ணாடிக்காரர் வீட்டில் இன்னமும் அவர் 'சம்பந்தி'தான்.

முறிவுக்கு முன்னால் ஒரு நாள் கண்ணாடிக்காரர் மைதானத்தில் அவரைத் தனியாக அழைத்து, "உங்க பையன் ஆறு மாசமா வேலைக்கே போகலை. காலையில டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டுக் கிளம்பி, எங்கேயோ பூங்காவில உட்கார்ந்துட்டு வர்றான். என் பொண்ணு சொன்னா. அவனை என்னன்னு கேளுங்க, அவனுக்கு மனசு சரியில்லை" என்று சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். சம்பந்திக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அத்தனை பேர் பார்க்க, "பொண்ணுக்குப் பரிஞ்சுக்கிட்டு வாய் கூசாம புளுகுறீங்க. உங்க பேச்சை எவன் நம்புவான்?" என்று கத்தினார். நடுவில் புகுந்த பல் டாக்டரையும் சேர்த்துப் பிடித்துத் தள்ளினார். நாலு மாதம் கழித்து எல்லாம் உண்மை என்று வெளியே வந்தது. அதற்குள் பெண் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். சம்பந்தி மன்னிப்புக் கேட்கவில்லை. சங்கத்தின் ஃபோன் குழுவிலிருந்து விலகினார், கண்ணாடிக்காரரின் எண்ணைத் தடுத்துவைத்தார், அதோடு சரி. அப்புறம் ஒருவர் காலையில் வந்தால் மற்றவர் மாலையில் வருவது என்று மைதானத்தைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள்.

ஆனால் ஃபோன் குழுவில் இல்லாத உறுப்பினருக்கு மடலைத் தபாலில் அனுப்ப வேண்டும் என்று சங்கத்தில் ஒரு விதி உண்டு. அந்த விதியால் பயன்பெறும் ஒரே ஆள் சம்பந்தி. இரண்டு வருடமாக மாதா மாதம் கண்ணாடிக்காரர் தன் கையாலேயே உறையில் அந்த விலாசத்தை எழுதி, தபால்தலை ஒட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். சம்பந்தி அதை வரிக்கு வரி படிப்பார் என்று அவருக்குத் தெரியும். அவர் படிக்கிற ஆள். லிஃப்ட் கையேட்டைக் கூட அட்டையிலிருந்து அட்டை வரை படிக்கிற ஆள். அந்த நூற்றுப்பத்தை ஸ்கேலை வைத்து அளந்திருப்பார்.

நாளைக்கு ஒன்று மட்டும் விழும். பத்தில் ஒன்பது ஒழுங்காகப் பறக்க, அந்த ஒன்று மட்டும் விழும். காற்றுப்பையை நம்பியவனுடைய ஒன்று. வேண்டுமென்றே எழுதினான் என்று அவர் நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்? இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் மிச்சமிருந்தது அந்தத் தபால் உறை ஒன்றுதான். அதுவும் போய்விடும்.

மறுபடி டாக்டரைக் கூப்பிட்டார்.

"நீங்க சொல்லிடுங்களேன் டாக்டர். ஒரு வரிதான்."

"ஒரு வரின்னா நீங்களே சொல்லுங்களேன். போன தடவை உங்க ரெண்டு பேருக்கும் நடுவில வந்து முழங்கையில தையல் போட்டுக்கிட்டவன் நான். ஆளை விடுங்க சாமி. பயப்படாதீங்க, ஒன்பது மணிக்கு முன்னாடி எல்லா விமானத்தையும் நானே செக் பண்ணுவேன். அப்போ பிடிச்சிடலாம்."

வீட்டுக்கு வந்தும் கண்ணாடிக்காரரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்தார். குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். மனைவி விஷயத்தை இரண்டு கேள்வியில் கறந்துவிட்டாள்.

"போய்ச் சொல்லிட்டு வாங்களேன். கடிச்சா தின்னுடுவாரு?"

"போகலாம்தான்."

"இல்லைன்னா சம்பந்தியம்மா நம்பர் என்கிட்ட இருக்கு. நான் சொல்லவா?"

"நீ எதுக்கு? தப்பு என்னோடது. நான் நேர்ல போய்ச் சொல்றதுதான் மரியாதை" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார். சொன்னபோது அவர் அதை நம்பினார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சம்பந்தியின் வீடு ஒன்பதாவது மாடியில். லிஃப்ட் சத்தமில்லாமல் ஏறியது. அவருடைய கட்டடத்து லிஃப்ட் வேறு எப்படி இருக்கும்? கதவுக்கு முன்னால் போய் நின்றார். உள்ளே உப்புத்தாளால் மரத்தைத் தேய்க்கும் சத்தம் கேட்டது. சரக், சரக், கொஞ்சம் நிறுத்தி, மறுபடி சரக். அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ சாயங்காலம் இதே வீட்டு மேசையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்கள்.

பெல்லுக்கு நேரே விரலை நீட்டினார். முதல் வார்த்தை என்ன? 'சம்பந்தி' என்பதா? 'சார்' என்பதா? 'உங்ககிட்ட ஒரு விஷயம்' என்று தொடங்கினால், போன தடவையும் அப்படித்தானே தொடங்கினோம்? 'வந்துட்டான்யா, இன்னொரு விஷயத்தைத் தூக்கிக்கிட்டு' என்று கதவைச் சாத்திவிட்டால்? விரல் பெல்லுக்கு அரையங்குலம் முன்னால் நின்றது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்து ஒரு பெண் குப்பைப் பையோடு வெளியே வந்து, இவரை மேலும் கீழும் பார்த்தாள். இவர் வீடு மாறி வந்தவரைப் போல வாசல் எண்ணை உற்றுப் பார்த்து, தலையை ஆட்டி, திரும்பி லிஃப்டுக்குள் போய்விட்டார். டாக்டர்தான் காலையில் பார்த்துக்கொள்கிறேன் என்றாரே. இறங்கும்போது அதையே சொல்லிச் சொல்லி மனசைத் தட்டிக்கொடுத்தார். ஐம்பத்தெட்டு வயது ஆளுக்கு ஒரு பெல்லை அழுத்தத் துப்பில்லை.

"சொல்லியாச்சா?" என்று மனைவி கேட்டாள்.

"ம்."

"என்ன சொன்னாரு?"

"என்ன சொல்வாரு? சரின்னாரு."

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அதைப் பார்த்ததும் கண்ணாடிக்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சாப்பிடாமல் போய்ப் படுத்தார்.

காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினார். சம்பந்தி எப்போதும் ஆறரைக்குத்தான் வருவார் என்பது அவர் கணக்கு. தடுப்புக் கதவைத் தாண்டிக் காரை நிறுத்தும்போதே கொட்டகை ஓரத்தில் சம்பந்தியின் வேன் நிற்பதைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் வருமுன் தனியாக ஒரு முறை பறக்கவிட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று அவர் அரைமணி நேரம் முன்னதாகவே வந்திருந்தார். மைதான நடுவில், வெட்டிய புல்லின் விளிம்பில், கால்களை அகட்டி நின்றுகொண்டிருந்தார். கையில் ரிமோட். மோட்டார் சத்தம் ஏறியது.

"நிறுத்துங்க!" என்று கத்தினார் கண்ணாடிக்காரர். அவருக்குக் கத்த வராது என்று சொன்னேனே, அப்போதும் வரவில்லை. குரல் பாதியிலேயே உடைந்தது. மஞ்சள் விமானம் புல்லில் ஓடி, எழும்பவேண்டிய இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே எழும்பி, மூக்கை வானத்துக்குத் தூக்கியது.

அவர் ஓடினார். செருப்பு ஒன்று எங்கேயோ கழன்று போனது. மேலே விமானம் நெட்டுக்குத்தாக நின்று, தடுமாறி, குப்புறப் பாய்ந்து, தரைக்கு இரண்டு ஆள் உயரத்தில் மறுபடி நிமிர்ந்தது. கண்ணாடிக்காரர் சம்பந்திக்குப் பத்தடி தூரத்துக்கு வந்துவிட்டார்.

"மூக்கை அழுத்துங்க! விடாம அழுத்துங்க! வேகத்தைக் குறைக்காதீங்க!"

சம்பந்தி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் சொன்னபடி கேட்டார். விமானம் ஒரு மாதிரி சமமானது.

"அப்படியே வட்டம் போடுங்க. பெரிய வட்டம். மெதுவா, மெதுவா. விரல் நுனியால தொட்டாப் போதும்."

"நிக்கமாட்டேங்குது."

"நிக்காது. பின்னாடி கனம். வேகத்தோடயே இறக்குங்க. தரையைத் தொடற வரைக்கும் மோட்டாரை அணைக்காதீங்க."

இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான். விமானம் முழு வட்டம் போட்டு, தள்ளாடித் தள்ளாடி, புல்தரைக்கு நேராக வந்தது. வந்துவிட்டது என்றே கண்ணாடிக்காரர் நினைத்தார். தரைக்கு மூன்றாள் உயரம் இருக்கும்போது சம்பந்தியின் இடது கட்டை விரல் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்துவிட்டது. நாற்பது வருடப் பழக்கம், அது யார் பேச்சையும் கேட்காது. விமானம் மூக்கைத் தூக்கி, ஒரு கணம் அசையாமல் நின்று, ஒரு பக்கமாகச் சாய்ந்து, வேலிக்கு அந்தப் பக்கம் புதருக்குள் போய் விழுந்தது. மரச் சட்டம் முறியும் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது.

இருவரும் வேலியைச் சுற்றி நடந்தார்கள். இறக்கை இரண்டாக ஒடிந்திருந்தது. வால் தனியாகக் கிடந்தது. அதன் அடியில் ஈயத் துண்டுகளை வரிசையாக, அழகாக, இஞ்ச் டேப்பை வைத்து அளந்து ஒட்டியிருந்தார் சம்பந்தி. கண்ணாடிக்காரர் அதைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"என் தப்பு" என்றார். "படத்தைக் குறைச்சோம், நம்பரைக் குறைக்கலை. எண்பத்திரண்டு வரணும். நான் சரிபார்க்காம போட்டுட்டேன். சத்தியமா வேணும்னு பண்ணலை."

"வேணும்னு பண்ணுவீங்கன்னு யாரு சொன்னது?" சம்பந்தி மோட்டாரைப் புதரிலிருந்து பிடுங்கி, மண்ணைத் தட்டினார். "எண்பத்திரண்டுன்னு எனக்குத் தெரியும்."

"என்னது?"

"நான் லிஃப்ட்டுக்காரன் சார். எந்தப் பக்கம் எவ்வளவு கனம்னு பார்த்தாலே சொல்லிடுவேன். வாலுக்கு இவ்வளவு ஈயம் வைக்கச் சொன்னா எவனும் சந்தேகப்படுவான். படத்துல புள்ளியை அளந்தேன், எண்பத்திரண்டு. உங்க மடல்ல நூத்திப்பத்து. மூணு தடவை அளந்தேன்."

"அப்புறம் ஏன்..."

"நீங்க கட்டம் போட்டு எழுதியிருந்தீங்க." அவர் இன்னமும் மோட்டாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு தடவை என் கண்ணுக்குத் தெரிஞ்சதை நம்பினேன், உங்க பேச்சை நம்பலை. என்ன ஆச்சு? பையன் ஆறு மாசம் பூங்காவில உட்கார்ந்திருந்தான், எனக்குத் தெரியலை. அதான், இந்தத் தடவை உங்க பேச்சுப்படியே போயிடுவோம்னு."

கண்ணாடிக்காரருக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"சந்தேகம் வந்ததுல்ல? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. டாக்டர்கிட்டயாவது சொல்லி விட்டிருக்கலாமே."

"கேக்கணும்னா உங்ககூடப் பேசணுமே" என்றார் சம்பந்தி. "அதுக்கு இது சுலபமா இருந்துச்சு."

புதருக்கு அந்தப் பக்கம் கார்கள் வர ஆரம்பித்திருந்தன. டாக்டர் யாரையோ கூப்பிட்டுப் புல்லில் வெள்ளைக் கோடு போடச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பது விமானங்களையும் வரிசையாக நிறுத்த அங்கே இடம் தயாராகிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இருவருக்கும் சமாதானம் ஆகிவிட்ட மாதிரிதான் இருந்தது. ஆனால் மனைவியின் மலர்ந்த முகம் அவரை விடவில்லை.

"நேத்தே எனக்குத் தெரியும்" என்றார். "சாயங்காலம் உங்க வீட்டுக்கு வந்தேன். கதவு வரைக்கும் வந்தேன். நீங்க உள்ளே தேய்ச்சிக்கிட்டு இருந்தீங்க. பெல் அடிக்கலை. திரும்பிப் போயிட்டேன். வீட்ல சொல்லிட்டேன்னு பொய் சொன்னேன்."

சம்பந்தி மோட்டாரைக் கீழே வைத்தார். முதல் முறையாக நேருக்கு நேர் பார்த்தார். அந்தப் பார்வையில், விமானம் விழுந்தபோதுகூட இல்லாத கோபம் இருந்தது.

"வாசல் வரைக்கும் வந்தீங்களா?"

"ஆமா."

"வந்து நின்னுட்டுப் போயிட்டீங்க."

"ஆமா."

"நம்பர் தப்பாப் போறது மனுஷனுக்கு வர்றதுதான்யா. விமானம் கிடக்குது, மரமும் தாளும், மறுபடி ஒட்டிக்கலாம். வாசல் வரைக்கும் வந்துட்டு எப்படிய்யா திரும்பிப் போக மனசு வந்துச்சு?" அவர் குரல் ஏறியது. "யாராவது வந்து அந்தப் பெல்லை அடிக்க மாட்டாங்களான்னு ரெண்டு வருஷமா உக்காந்திருக்கேன். எனக்கு வர மூஞ்சியில்லை. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உங்க பொண்ணு முன்னாடி வந்து நிப்பேன்? உங்களுக்கு என்ன கேடு? நீங்கதான் ஒரு தப்பும் பண்ணலியே! நீங்க வந்திருக்கலாம்ல?"

தான் போகாமல் இருந்ததற்குக் கண்ணாடிக்காரர் இத்தனை நாளும் ரோஷம், மானம், மரியாதை என்று பெயர் வைத்திருந்தார். அந்த வீட்டுக்குள் ஒருவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருப்பார் என்று ஒரு நாள்கூட அவருக்குத் தோன்றவில்லை.

சம்பந்தி முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, ஒடிந்த இறக்கையின் இரண்டு பாதிகளையும் அக்குளில் இடுக்கி, வேலியை நோக்கி விறுவிறுவென்று நடந்தார். நாலு எட்டு போனதும் நின்றார். திரும்பவில்லை.

"அந்த வாலை எடுத்துக்கிட்டு வாங்க" என்றார். "ஈயம் உதிரும், பார்த்து."

கண்ணாடிக்காரர் ஒற்றைச் செருப்போடு எழுந்து, வாலை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.